குருமனையின் வாசல்

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. நாம் குடியிருக்கும் மனைக்கும் அதுவே பெயர். பற்றுகளினின்று விடுபட்டு அடையும் பேற்றுக்கும் அதுவே பெயர். அறம், பொருள், இன்பம் என்று வரிசைப்படுத்திய நம் முன்னோர் நான்காவதாக வைத்ததும் வீடுதான். சுவரும் கூரையும் உடைய ஒன்றுக்கும், சுவரும் கூரையும் அற்ற ஒன்றுக்கும் ஒரே சொல் அமைந்தது வியப்புக்குரியது. மற்றெவருடைய வீட்டையும்விட ஒரு குருவானவரின் வீட்டுக்கே இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

குருக்கள் தங்கும் இல்லத்துக்குக் கிறிஸ்தவத் தமிழ் பல பெயர்களைத் தந்திருக்கிறது. சீர்திருத்தச் சபையார் 'குருமனை' என்பர். நம் பங்குகளில் ஏட்டில் எழுதுவது 'பங்கு இல்லம்'. மக்கள் வாயில் வழங்குவதோ 'சாமியார் வீடு' அல்லது 'சாமியார் பங்களா'. 'பங்களா' என்ற சொல் வங்காளத்து நாட்டுப்புற வீட்டிலிருந்து பிறந்தது. பிறந்த இடத்தில் அது எளிய கூரை வீடு. ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகோ, மதில் சூழ்ந்த தோட்டத்தின் நடுவே ஊரை விட்டு விலகி நிற்கும் மாளிகையாயிற்று. குருவின் இல்லத்தை வீடு என்றழைக்கும் ஊரும் உண்டு. பங்களா என்றழைக்கும் ஊரும் உண்டு. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

ஆலயக் கட்டடக் கலையைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டுள்ள அளவுக்குக் குருக்களின் இல்லங்களைப் பற்றி எழுதப்படவில்லை. கோபுரத்தின் உயரத்தையும் பீடத்தின் வேலைப்பாட்டையும் போற்றுகிறோம். பக்கத்திலே நிற்கும் வீட்டைப் பார்க்காமலே கடந்து போகிறோம். ஆனால் ஒரு சமூகம் தன் குருவை எங்கே குடியமர்த்துகிறது, அவர் எந்த வாசல் வழியே மக்களைச் சந்திக்கிறார் என்பவை, பீடத்தைப் போலவே ஒரு திருச்சபையின் உள்ளத்தைக் காட்டுகின்றன.

ஒரு கையொப்பம்

இதை எழுத நேர்ந்த காரணத்தை மறைப்பது முறையன்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை நிலப்பரப்பில் நாங்கள் வாழ்கிறோம். நெல் விளைந்த வயல்களில் இன்று வாகனங்களும் கைப்பேசிகளும் விளைகின்றன. இப்பகுதியிலுள்ள ஒரு பங்கில் பழைய பங்கு இல்லம் ஒன்று இருந்தது. நாட்டோடு வேய்ந்த தாழ்ந்த கூரை. வாயிலின் இருபுறமும் திண்ணை. கதவைத் திறந்தால் நேரே ஆலய வாசல். 2015 டிசம்பர்ப் பெருமழையில் அந்தத் திண்ணையிலும் உள்ளறையிலும் நான்கு குடும்பங்கள் மூன்று இரவுகள் தங்கியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கூரை ஒழுகியது, உத்தரங்களில் கரையான் ஏறியிருந்தது. பழுதுபார்க்கும் செலவில் புதியதையே கட்டிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். அந்தக் கணக்கை யாரும் எழுதிக் கேட்கவில்லை. கட்டடக் குழுவில் நானும் ஒருவன், நானும் கேட்கவில்லை, கையொப்பமிட்டேன். இன்று அங்கே இரண்டு மாடியில் நல்லதொரு கட்டடம் நிற்கிறது. வழவழப்பான கருங்கல் தளம், உயர்ந்த இரும்புக் கதவு, காவலர் அறை, கண்ணாடிச் சாளரம் வைத்த அலுவலகம், பார்வை நேரம் குறித்த பலகை. குறை சொல்ல முடியாத கட்டடம். திண்ணை மட்டும் இல்லை.

ஒருநாள் விடியற்காலையில், இரவுப் பணி முடிந்து தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்த ஓர் இளம்பெண் அந்த இரும்புக் கதவின் முன் நின்றாள். "ஒன்பது மணிக்குத்தாம்மா ஆபீஸ் திறப்பாங்க" என்றார் காவலர். அவர்மீது பிழையில்லை, அவருக்கு இட்ட கட்டளை அது. ஒன்பது மணி என்பது இரவெல்லாம் விழித்தவள் உறங்க வேண்டிய நேரம். திரும்பிச் செல்லும்போது, அவ்வழியே வந்த என்னிடம் அவள் சொன்னாள்: "எங்க ஊருல சாமியார் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்தாலே போதும் ஐயா. ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க." அவள் தென்கோடிக் கடற்கரை ஊரினள். என்ன சொல்ல வந்தாளோ, அது சொல்லப்படாமலே போயிற்று.

அன்று முதல் குருக்களின் இல்லங்களைக் கட்டடங்களாக அன்றி, வாசல்களாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அளவுகோல்

எந்தத் திறனாய்வுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். நல்வாய்ப்பாக, நமக்கு அதை இரண்டாம் வத்திக்கான் சங்கமே தந்திருக்கிறது. குருக்களின் பணியையும் வாழ்வையும் குறித்து 1965ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிடப்பட்ட ஏட்டின் 17ஆம் பகுதி, குருக்களின் வீட்டைப் பற்றியும் பேசுகிறது. அந்த வீடு எவருக்கும் அடைபட்டதாகத் தோன்றலாகாது. மிக எளியவரும் அங்கே வருவதற்கு அஞ்சும்படி இருத்தலாகாது. இதுவே அதன் கருத்து. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், பங்குத்தந்தை ஆலயத்தின் அருகே அமைந்த பங்கு இல்லத்தில் குடியிருக்கக் கடமைப்பட்டவர் என்கிறது.

சங்கம் தேர்ந்த சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். வீடு சிறிதாக இருக்க வேண்டும் என்றோ, மண்ணால் கட்டப்பட வேண்டும் என்றோ அது அளவு குறிக்கவில்லை. எளியவர் 'அஞ்சலாகாது' என்கிறது. 'அடைபட்டதாகத் தோன்றலாகாது' என்கிறது. ஆக, வீட்டை அளக்கும் உரிமை கட்டியவனிடமும் இல்லை, குடியிருப்பவரிடமும் இல்லை. வாசலில் வந்து நிற்பவரிடம் இருக்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டு மூன்று வீடுகளைப் பார்ப்போம்: ஒன்று இங்கிலாந்தில், இரண்டு நம் தமிழகத்தில்.

பத்துப் பவுண்டுக்கு ஒரு வீடு

இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் என்னும் மாவட்டத்தில் ஆல்ஃப்ரிஸ்டன் என்றோர் ஊர். அங்கே தூய அந்திரேயா ஆலயத்தை அடுத்து 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குருமனை ஒன்று இன்றும் நிற்கிறது. இங்கிலாந்து உரோமையோடு ஒன்றியிருந்த காலத்து வீடு அது. கருவாலி மரச் சட்டங்களை நிறுத்தி, இடையிலே மிலாறு பின்னி மண் பூசிய சுவர். மேலே தடித்த வைக்கோற்கூரை. நடுவில் கூரைவரை திறந்த ஒரு கூடம். அதன் இருமருங்கிலும் மாடி வைத்த சிற்றறைகள். கூடத்தின் தரை சுண்ணக்கட்டியை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி இறுக்கியது. சாணமும் சுண்ணாம்பும் கொண்டு தரை அமைத்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கையெட்டும் தூரத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்டுவதே அங்கும் இங்கும் எளியோரின் கலை.

இந்த வீட்டின் சிறப்பு அந்தக் கூடத்தில் இருக்கிறது. அப்பகுதியில் நிலமுடைய உழவர் கட்டிக்கொண்ட வீடுகளும் இதே அமைப்பின. குருவின் வீடு ஊராரின் வீட்டைப்போலவே இருந்தது. பெரிய அறை பொது அறையாகவும், சிறிய அறைகள் தனி அறைகளாகவும் அமைந்தன. வீட்டின் பெரும்பகுதியைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் கட்டட முறை அது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வீடு சிதைந்து, இடித்துவிடலாம் என்ற முடிவுக்கு உள்ளாயிற்று. அவ்வூர்ப் பங்கைக் கவனித்த பெய்னன் என்னும் குருவானவர் அதைக் காப்பாற்றப் பலரை நாடினார். 1895இல் ஆக்டேவியா ஹில், இராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர் 'தேசிய அறக்கட்டளை' என்றொரு அமைப்பைத் தோற்றுவித்திருந்தனர். மூவருள் ரான்ஸ்லி ஒரு குருவானவர். அந்த அமைப்பு 1896இல் இந்த வீட்டைப் பத்துப் பவுண்டு விலைக்கு வாங்கியது. அவ்வமைப்பு வாங்கிய முதற்கட்டடம் இதுவே. நூற்றுக்கணக்கான மாளிகைகளைப் பின்னாளில் காத்துநின்ற ஓர் இயக்கம், ஒரு சிற்றூர்க் குருவின் ஓலைக்கூரை போன்ற வீட்டிலிருந்து தொடங்கியது என்பதை நாம் மறக்கலாகாது.

வில்லியம் மோரிஸ் 1877இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கொள்கை ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். பழையதைப் 'புதுப்பிக்கிறேன்' என்று அதன் முகத்தை மாற்றுவது அழிப்பதற்கு ஒப்பாகும். அன்றாடம் பேணுவதும், பழுதானதைப் பழுதுபார்ப்பதும் போதும் என்பது அது. ஒழுகும் ஓட்டை உடனே மாற்றியிருந்தால் உத்தரத்தில் கரையான் ஏறியிராது. எங்கள் பங்கில் நாங்கள் செய்யத் தவறியது அதுவே. இடிப்பது ஒருநாள் முடிவு போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல ஆண்டுகளின் கவனக்குறைவுக்குப் பின்னால் வைக்கும் முற்றுப்புள்ளி.

இடையன்குடித் தாழ்வாரம்

இனி, ஆங்கிலத் திருச்சபையின் குரு ஒருவர் தமிழ் மண்ணில் குடியிருந்த வீட்டுக்கு வருவோம். நெல்லைச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த இடையன்குடியில் இராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த வீடு அது. 1814இல் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 1838இல் சென்னை வந்தார். 1841இல் நீலகிரி வழியாகக் கால்நடையாகவே நெல்லைச் சீமையை அடைந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியில் குடியேறினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த ஊரே அவருக்கு ஊர். நிலம் வாங்கித் தெருக்களை நேராக அமைத்து, மரம் நட்டு, கிணறு தோண்டி அவர் ஊரைத் திருத்திய வரலாற்றை இரா. பி. சேதுப்பிள்ளை தம் 'கால்டுவெல் ஐயர் சரித'த்தில் இனிமையாக எழுதியிருக்கிறார்.

இடையன்குடிக்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது தூய திரித்துவ ஆலயம். 1847இல் தொடங்கி 1880இல் நிறைவேற்றிய, கோதிக் பாணியில் அமைந்த கற்கோயில். முப்பத்து மூன்று ஆண்டு உழைப்பு. கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கொண்ட அந்த ஆலயம் பனங்காட்டின் நடுவே ஐரோப்பாவை நினைவூட்டுகிறது. அதன் அருகே நிற்கும் வீடோ, ஓட்டுக்கூரையும் தாழ்வாரமும் கொண்ட, தாழ்ந்த எளிய கட்டடம். ஒரே மனிதர் கட்டிய இரண்டு கட்டடங்கள் இரண்டு மொழிகளில் பேசுகின்றன. இறைவனின் இல்லத்துக்குத் தம் நாட்டு வடிவத்தைத் தேர்ந்தவர், தம் இல்லத்துக்கு நம் நாட்டு வெயிலும் காற்றும் சொன்ன வடிவத்தை ஏற்றுக்கொண்டார். ஆலயத்தில் அவர் ஆசிரியர், வீட்டில் மாணவர்.

இது வெறும் தட்பவெப்பக் கணக்கன்று என்பது என் துணிபு. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலுக்கு வேண்டிய செவிச்செல்வம், ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு இடையன்குடியில் சேர்த்தது. அவருடைய துணைவியார் எலைசா 1844இல் மணமாகி வந்தவர். நாகர்கோவிலில் பின்னல் வேலையைப் பரப்பிய மால்ட் குடும்பத்து மகள். தமிழை இங்கேயே வளர்ந்து கற்றவர். இடையன்குடிப் பெண்களுக்கு அவர் சரிகைப் பின்னலைக் கற்பித்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்கள் அஞ்சாமல் வந்துபோன குருமனை அது. மணத்துறவு பூண்ட நம் குருக்களின் இல்லத்துக்கு இந்த வாய்ப்பு இயல்பாக அமைவதில்லை. ஆகவேதான், பெண்களும் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து பேசுவதற்கேற்ற திறந்த இடம் ஒன்று நம் பங்கு இல்லங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது திறனாய்வாகாது. தாழ்வாரம் என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட இடம். அது சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். தாழ்வாரத்தில் நாற்காலி இட்டு அமர்ந்தவர் ஊரைக் காண்கிறார். படிக்குக் கீழே நிற்பவர் அவரைக் காண்கிறார். இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் இல்லை. 1849இல் கால்டுவெல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்' என்ற நூல், தாம் யாரோடு வாழ்ந்தாரோ அந்தச் சமூகத்தாரையே உயரத்திலிருந்து பார்த்து எழுதியது. அச்சமூகத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தனர்; அவர்கள் எதிர்த்தது நியாயமே. ஒரே தாழ்வாரத்திலிருந்து ஒரு மொழிக் குடும்பத்தின் மேன்மையை உலகுக்கு உணர்த்திய நூலும் பிறந்தது. உடன்வாழ்ந்த மக்களின் மனத்தைப் புண்படுத்திய நூலும் பிறந்தது. காது திறந்திருந்த வேளையில் எழுதியது நின்றது. கண் மட்டும் மேலிருந்து நோக்கிய வேளையில் எழுதியது நிற்கவில்லை.

1891இல் கொடைக்கானலில் காலமான கால்டுவெல், தாம் கட்டிய இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு செப்பனிட்டு 2011இல் நினைவு இல்லமாக்கியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த இல்லமும் 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. இரண்டும் போற்றத்தக்க பணிகள். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: நினைவு இல்லம் ஆன வீட்டில் ஒருவர் வந்து தம் துயரைச் சொல்ல முடியாது. ஆல்ஃப்ரிஸ்டனுக்கும் இதுவே பொருந்தும். கல்லையும் மரத்தையும் காத்த பிறகும், காக்க வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது. அது அந்த வீடுகளில் ஒருகாலத்தில் நடந்த வரவேற்பு. அதை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்க இயலாது. இன்று கட்டும் வீட்டில்தான் காக்க இயலும்.

மதுரை மண்குடில்

எளிமையாகக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நம் திருச்சபையின் வரலாற்றுக்கே வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, அங்கே ஏற்கெனவே பணியாற்றிய பெர்னாண்டஸ் அடிகளின் இல்லத்தை விட்டு வெளியேறினார். பறங்கியர் வாழ்க்கை முறையோடு இணைந்த அந்த வீட்டில் இருக்கும்வரை உயர்குலத்தார் தம்மை நாடி வரமாட்டார்கள் என்று உணர்ந்தார். பிராமணர் வாழும் பகுதியில், மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த குடிலில், காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று வாழ்ந்தார். குருவின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை மறைபரப்பின் நடுக்கேள்வியாக்கிய முதல் மனிதர் அவர் எனலாம்.

கட்டுமானப் பொருளைக் கொண்டு அளந்தால், இக்கட்டுரையில் பேசிய எல்லா வீடுகளிலும் எளியது அந்தக் குடில். சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு அளந்தால் விடை அவ்வளவு எளிதன்று. உயர்குலத்தார் வருவதற்காகத் திறந்த அந்த வாசல், பெர்னாண்டஸ் அடிகளோடு வழிபட்ட ஏனைய கிறிஸ்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அக்காலச் சூழலில் வேறு வழியில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். அவருடைய மொழித்தொண்டையும் துறவையும் நாம் வணங்குகிறோம். எனினும், 1640 முதல் மற்றக் குலத்தாருக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்றொரு தனிப்பிரிவுக் குருக்கள் ஏற்பட வேண்டி வந்தது. அருளானந்தரும் அப்பிரிவைச் சேர்ந்தவரே. குரு எந்த வீட்டில் வாழ்கிறார், எவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்பதை வைத்துத் திருச்சபைக்குள்ளேயே இரண்டு வாசல்கள் உண்டாயின. சாதியால் பிரித்துக் கட்டிய கல்லறைச் சுவர்களையும் ஆலயப் பகுதிகளையும் எதிர்த்து இன்றும் போராடும் நாம் இதைக் கசப்போடு நினைவுகூர வேண்டும்.

இந்த மூன்று வீடுகளும் சேர்ந்து ஒன்றை உணர்த்துகின்றன. வீட்டின் எளிமை வேறு, வீட்டின் திறப்பு வேறு. மண்குடிலும் அடைபடலாம்; ஓட்டுவீடும் திறந்திருக்கலாம். ஆகவே, 'குருக்கள் ஆடம்பரமாக வாழ்கிறார்கள்' என்று பேசுவதோடு நின்றுவிடுவது பாதி உண்மையே. குளிரூட்டிய அறை இருக்கிறதா என்பதைவிட, அழுதுகொண்டு வருபவர் உட்காரத் திண்ணை இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. 2013இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பிரான்சிஸ், அரண்மனை மாடியில் குடியேறாமல் சாந்தா மார்த்தா விடுதியிலேயே 2025இல் இறக்கும்வரை தங்கியிருந்தார். மக்கள் நடுவே இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். சிக்கனத்தை அவர் முதன்மைப்படுத்தவில்லை.

செம்பரம்பாக்கத்துக்கு ஏற்ற வீடு

மறுபக்கத்தையும் கேட்போம். குருக்களும் மனிதர்களே. நாள் முழுதும் திறந்து கிடக்கும் வீட்டில் ஓய்வும் செபமும் வாய்க்குமா? திருட்டு மலிந்த காலத்தில் காவல் வேண்டாமா? சிறார் பாதுகாப்பைக் குறித்து இன்று திருச்சபை கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் பல இருக்க, யாரையும் எங்கும் வரவிடலாமா? இவை நேர்மையான கேள்விகள். ஆயின் நம் பழைய கட்டட முறையே இவற்றுக்கு விடை வைத்திருக்கிறது. திண்ணை என்பது வீட்டுக்கு உள்ளும் அன்று, புறமும் அன்று. அங்கே அமர்பவர் அனைவர் கண்ணிலும் படுகிறார். ஆனால் அவர் பேசுவது அடுத்தவர் காதில் விழாது. உள்வீட்டுக் கதவு தாழிட்டிருக்கும், திண்ணைக்கோ தாழில்லை. வழிப்போக்கனுக்கு ஒதுங்க இடமும், குடியிருப்பவனுக்குத் தனிமையும் ஒருசேரத் தந்த அறிவு அது. பாதுகாப்பு நெறிகள் கேட்கும் வெளிப்படைத் தன்மையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இரும்புக் கதவைத் திண்ணைக்கு உட்புறம் வைப்பதா, வெளிப்புறம் வைப்பதா என்பதே முழு வேறுபாடு. பத்தடி இடமாற்றம், செலவு ஏதுமில்லை.

செலவைப் பற்றிப் பேசுவோர்க்கு லாரி பேக்கரை நினைவூட்டலாம். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, கேரளத்தைத் தம் நாடாக்கிக்கொண்டு 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர்; குவேக்கர் மரபினர். பூசாத செங்கற்சுவர், காற்று நுழையும் செங்கற்சாளரம், காங்கிரீட்டின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தும் கூரை ஆகியவற்றைக் கொண்டு வீடுகளும் ஆலயங்களும் கட்டினார். அந்த ஓடும் நமக்கு அந்நியமானதன்று. மங்களூரில் 1865இல் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது பாசல் மிஷன் என்னும் மறைபணி அமைப்பே. எங்கள் பழைய இல்லத்தில் பின்னாளில் வேய்ந்திருந்த அத்தகைய ஓடுகளை இடித்த அன்று வண்டியில் ஏற்றி விற்றுவிட்டோம். அவற்றைக் கொண்டே புதிய கூரையில் பாதியை அமைத்திருக்கலாம்.

இப்பகுதியின் தேவை வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பெரியது. வல்லம் வடகாலில் 2024இல் திறந்த சிப்காட் குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண் பணியாளர் தங்க இடமுண்டு. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அறைக்கு ஆறு பேராக, எட்டுப் பேராக வாழ்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கை இருக்கிறது, வாசல் இல்லை. தாயோடு கைப்பேசியில் அழுவதற்கும் தனி இடம் கிடையாது. அவர்கள் வாழ்வின் கடிகாரம் மூன்று முறைமாற்றங்களில் ஓடுகிறது. நம் அலுவலகப் பலகையோ ஒன்பது முதல் பன்னிரண்டு என்கிறது. இத்தகைய நிலத்தில் ஒரு பங்கு இல்லம் வெறும் வசிப்பிடமாக இருந்தால், அது நல்ல கட்டடமாக இருந்தும் தோற்ற கட்டடமே.

எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில், தனிக் குருவானவர் தங்குவதற்கு இல்லம் கட்டும் எண்ணம் இப்போது எழுந்திருக்கிறது. வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. குழுவில் மீண்டும் என் பெயர் இருக்கிறது. இம்முறை கையொப்பமிடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பதென்று இருக்கிறேன். வரைபடத்தில் முதற்கோடு படுக்கையறையிலிருந்து தொடங்குகிறதா, வாசலிலிருந்து தொடங்குகிறதா? விடியற்காலை ஆறு மணிக்கு வருபவர் எங்கே உட்காருவார்? அங்கே அமரும் எவரும், எந்தத் தெருவிலிருந்து வந்தவராயினும், எழுந்து நிற்க வேண்டிய கட்டாயம் இன்றி இருப்பாரா? தங்கள் பங்கில் இத்தகைய பணி நடந்தால், வாசகர்களும் இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கருங்கல்லின் நிறத்தைக் குறித்து நாம் நடத்தும் விவாதங்களுக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது.

யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில், வாக்கானவர் நம்மிடையே குடிகொண்டதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்தல் என்பதே நேர்ப்பொருள் என்று விவிலிய அறிஞர் கூறுவர். கூடாரத்துக்கு மதில் கிடையாது. துணியை விலக்கினால் உள்ளே செல்லலாம்.

அந்தப் பெண் பிறகு வரவில்லை. அவளைத் தேடிப் பார்த்தேன்; பெயர் தெரியாமல் யாரைத் தேடுவது? அவளுடைய தொழிற்சாலை வண்டி நாள்தோறும் விடியலில் ஏரிக்கரைச் சாலை வழியே போகிறது. சாளரத்தோரம் உறங்கும் முகங்களுள் அவள் முகமும் இருக்கக்கூடும். இரும்புக் கதவுக்கு வெளியே, மதிலை ஒட்டி, பத்துப்பேர் அமரத்தக்க ஒரு திண்ணை கட்டித்தர வேண்டும் என்று பங்குப் பேரவைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்குத்தந்தை அதைப் படித்துவிட்டு, மேலே சிறு கூரையும் வேண்டுமே என்றார். செங்கல் வந்து இறங்கியிருக்கிறது.